உப்புத் தண்ணீரைத் தன் பேரில் எழுதிக்கொண்ட சிங்காரம்

ஆஸ்டின் டவுன் முதல் சந்தாபுரா வரை சிங்காரவேலுவை அறிந்த பெருமக்களே, வேதாரண்யத்தில் பன்னிரண்டு வருடமாக அவரைக் கேலி பேசிவரும் உறவினர்களே, உங்கள் அனைவர் முன்னிலையிலும் சத்தியம் செய்கிறேன்: நான் சொல்லப்போகும் கதையை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை. அது உங்கள் தவறல்ல. இத்தனை காலமாக நான் அவிழ்த்துவிட்டதை எல்லாம் கேட்டுக் கேட்டு உங்கள் காது மரத்துப்போயிருக்கும்.

செய்தி வந்தபோது நான் பெங்களூர் ஆஸ்டின் டவுனில் சலூன் நாற்காலியில் இருந்தேன். ஒரு கன்னம் முடிந்திருந்தது. மறு கன்னத்தில் இமயமலை உயரத்துக்கு நுரை. போனில் சிங்காரத்தின் மகள்.

“மாமா, அப்பா காலையில காபி குடிச்சுட்டு உட்கார்ந்தாரு மாமா. அப்படியே போயிட்டாரு.”

நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டு அப்படியே பஸ் ஏறினேன். பாதித் தாடியோடு வந்த என்னைப் பார்த்து அந்தப் பஸ்ஸில் சிரிக்காதவர் இல்லை. எல்லோரையும் விட அதிகம் சிரித்திருக்க வேண்டியவர், சந்தாபுராவில் தன் வீட்டில் ஐஸ் பெட்டிக்குள் கண்ணை மூடிக் கிடந்தார்.

ஒரே தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து லேத்தில் நாங்கள் இருபத்தொன்பது வருடம் நின்றவர்கள். பொய் பேசத் தெரியாதது அவருக்கிருந்த பெரிய குறை. “எங்க ஊர்ல முழங்கால் ஆழம் தோண்டினா தண்ணி வரும்பா” என்று கேன்டீனில் ஒருநாள் சொல்லிவிட்டார். ஆயிரத்து இருநூறு அடிக்குப் போர் போட்டும் புழுதி மட்டுமே கிளம்புகிற லேஅவுட்களில் குடியிருந்த கூட்டம் அது. சும்மா விடுமா? ஃபோர்மேன் கௌடா டீயைச் சிந்திக்கொண்டே, “சிங்காரம் சாமி, ரீலு பிடபேட்றி!” என்று, ரீல் விடாதீர்கள் என்பதைக் கன்னடத்தில் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். அதே வாரம் என் வீட்டுக் கிணற்றில் முதலை இருப்பதாக நான் சொன்னபோது, அதே கௌடா எத்தனை அடி முதலை என்றுதான் விசாரித்தார்.

ஆனால் சிங்காரம் சொன்னது உண்மை. ஓய்வு பெற்ற வருடம் மாசி மாதத்தில் என்னை வேதாரண்யத்துக்கு அழைத்துப்போய்க் காட்டினார். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முல்லை வளர்க்கிற ஊர் அது. மணலுக்குள் மழைத் தண்ணீர் தங்கி, கீழே கிடக்கும் உப்புத் தண்ணீரின் மேல் பாலாடை மாதிரி மெல்லிசாக மிதக்கிறது. முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி; அதில் ஊறுவதைக் குடத்தில் மொண்டு, செடி செடியாக ஊற்றுவார்கள். இந்தப் பாலாடையை வைத்துக்கொண்டுதான் ஊரே நிலக்கடலை போடுகிறது, மாமரம் வளர்க்கிறது, விடியுமுன் பறித்த முல்லையை வெளியூர்களுக்கு அனுப்பிவைக்கிறது. “எங்க ஊர்ல தண்ணிய எடுக்கக் கூடாது, கேட்டு வாங்கணும்” என்பார் சிங்காரம்.

அவர்களுடைய ஒன்றரை ஏக்கரைத் தங்கை வசந்தா பயிரிட்டுவந்தார். கணவரை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். அந்த நிலம்தான் சோறு, அதுதான் படிப்பு. அவர் குடம் சுமப்பதைப் பார்த்ததும் என் பெங்களூர் நெஞ்சம் வெடித்தது. முழங்கால் ஆழத்திலேயே தண்ணீர் என்றால் நூறு அடியில் காவிரியே ஓட வேண்டாமா?

“போர் போட்டுடலாம்யா” என்றேன்.

“வேணாம் ஏகாம்பரம். கீழ இருக்கிறது எழுந்திரிக்கக் கூடாது” என்றார்.

மறுநாள் காலை அவர் பட்டா வேலையாகத் தாலுகா ஆபீசுக்குப் போனார். வசந்தா பூ மார்க்கெட்டுக்குப் போனார். நான் போர் போட ஆள் கூட்டிவந்தேன். அன்பளிப்பாம்!

மணலில் குழாய் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது. என்ஜினை முடுக்கியதும் தண்ணீர் பனைமர உயரத்துக்கு எழும்பியது, மேகங்கள் நனைந்தன, இலங்கையில் குடை விரித்தார்கள். நான் துண்டைச் சுழற்றி ஆடியபடி அத்தனை தண்ணீரையும் பூத்து நின்ற கடலைக்குத் திருப்பிவிட்டேன். பெங்களூர்க்காரனுக்குத் தண்ணீரைப் பார்த்தாலே போதும். வாயில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

சிங்காரம்தான் முதலில் திரும்பினார். ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தார். ஓடிப்போய் என்ஜினை நிறுத்தினார். அதற்குள் பாதிக் கடலைச் செடிகள் உப்பைக் குடித்து முடித்திருந்தன. உப்புத் தண்ணீர் முல்லைப் பாத்தியிலும் ஏறி, ஊற்றுக்குழியிலும் இறங்கியிருந்தது. நான் வாய் திறக்குமுன் வசந்தா வரப்பில் வந்து நின்றார்.

“யாரு இந்த வேலையப் பாத்தது?”

“நான்தான் வசந்தா” என்றார் சிங்காரம். “இவன் வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டான். நான்தான் கேக்கல.”

“ஏண்ணே, நீ இந்த மண்ணுலதான பொறந்த? கடலை பூ பூத்து நிக்கையில உப்ப இறைச்சு விட்ருக்கியே! இந்த வருசம் நான் எதை வச்சுண்ணே பொழைக்கிறது?” என்று அழுதார் அந்தப் பெண். பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்களாச்சும் ரெண்டு அறை குடுத்துத் தடுத்திருக்கக் கூடாதா பெங்களூரண்ணே?” என்றார்.

நான் உண்மையைச் சொல்ல நாக்கைப் புரட்டினேன். என் கால் கட்டைவிரல் மேல் சிங்காரத்தின் செருப்பு ஏறி நின்றது. இருபத்தொன்பது வருட லேத் வேலையில்கூட எனக்கு அப்படி ஒரு நசுங்கல் ஏற்பட்டதில்லை.

அன்று மாலையே போர்க்குழியைக் களிமண் போட்டு அடைத்தார். நிலத்தின் மறுகோடியில் புதுக் குழி தோண்டினார். உப்பு குடித்த மணலுக்கு நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் உப்பு கீழே இறங்கிவிடுமாம். மூன்று வாரம் அறுபது வயது மனிதர் குடம் குடமாகச் சுமந்தார். நானும் நாலு நாள் சுமந்தேன். பதினாறாயிரம் குடம் இருக்கும். பாதிக் கடலை போயிற்று. முல்லை தப்பியது. அடுத்த பருவத்தில் அந்தப் பூவை நம்பித்தான் வசந்தா நிமிர்ந்தார். பிள்ளைகளின் படிப்பு நிற்கவில்லை.

நாலாம் நாள் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தவரிடம், ஏனய்யா அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

“உன்னைத் திட்டினா நீ அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டே. என்னை எவ்வளவு திட்டினாலும் நான் வந்துதான ஆகணும்? என் ஊராச்சே” என்றார்.

பிறகென்ன? அந்த ஊரில் நான் மகா புத்திசாலி ஆனேன். போகும்போதெல்லாம் எனக்கு முதல் இளநீர். அவருக்கு, “குழாத் தண்ணி குடிச்சு மண்ண மறந்தவரு வர்றாரு” என்ற வரவேற்பு. பேரன் பேத்திகள்வரை அந்தப் பட்டம் போய்ச் சேர்ந்தது. அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். நான் வாய் திறக்க முயன்றபோதெல்லாம் செருப்பு தயாராக இருந்தது. இளநீரும் இனிப்பாகத்தான் இருந்தது, அதையும் மறைப்பதற்கில்லை.

சந்தாபுராவில் ஐஸ் பெட்டியருகே உட்கார்ந்திருந்த வசந்தா என்னிடம், “எங்கண்ணன் தங்கம்ணே. அந்த ஒரு தப்பு மட்டும்தான் பண்ணுச்சு” என்றார். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தங்கச்சி வசந்தா, மேகம் நனைந்தது பொய். இலங்கையின் குடையும், பதினாறாயிரம் குடமும் பொய். உன் அண்ணன் அந்தத் தப்பைப் பண்ணவில்லை என்பது மட்டும் நிஜம். மண்ணை மறந்தவர் என்ற பட்டத்தை இன்றோடு அவரிடமிருந்து நான் வாங்கிக்கொள்கிறேன். பெருமையோடு வைத்துக்கொள்வேன். அடுத்த முறை வரும்போது இளநீர் வேண்டாம், திட்டு.