கீர்த்தனாவின் பதினோரு பக்கெட்டுகள்

வேங்கிக்காலைத் தாண்டி இருக்கும் அந்தப் பொறியியல் கல்லூரியில், கடைசி வருஷப் பிள்ளைகள் விடுதியைக் காலி செய்யும் நாளில் வெள்ளத்துக்குப் பயந்தவர்களைப் போலத்தான் ஓடுவார்கள். பக்கெட், மெத்தை, கால்குலேட்டர், ஒரு நாள்கூடப் போடாத செருப்பு எல்லாம் அறையிலேயே கிடக்கும். மறுநாள் குப்பை டிராக்டர் வந்து அள்ளிக்கொண்டு போகும். அலுவலக உதவியாளர் தனத்துக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியும். பன்னிரண்டு வருஷம் எரிந்த பிறகு, முதல்வரைப் பார்த்து, கேன்டீனுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த பழைய ஜெனரேட்டர் அறையைக் கேட்டு வாங்கினாள். போகிறவர்கள் வைத்துவிட்டுப் போகலாம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

வைத்துவிட்டுப் போக ஆளுக்குக் குறைவில்லை. எடுக்கத்தான் ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. முதல்வர் பெரிய மனது பண்ணி வாசலில் ஒரு போர்டு மாட்டியிருந்தார்: 'வசதியற்ற மாணவர்களுக்கு மட்டும்.' வடை தின்கிற இருநூறு பேர் பார்க்க, அந்தப் போர்டுக்குக் கீழே நுழைந்து யார் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்? அவ்வளவு படித்த மனுஷருக்கு இது தோன்றவில்லை.

வழி தானாகப் பிறந்தது. கீர்த்தனா என்ற கெட்டிக்காரப் பெண் படிப்பு முடிவதற்குள்ளேயே சென்னையில் பெரிய வேலை வாங்கிப் போனவள். அவளுடைய பச்சை பக்கெட் அங்கே கிடப்பதை மூன்றாம் வருஷம் படிக்கும் சினேகா பார்த்துவிட்டாள்.

"இது கீர்த்தனாக்கா பக்கெட்டா? அவங்க ராசியானவங்கக்கா. எனக்குக் குடுங்க."

பக்கெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். தனம் அன்றைக்கே போர்டைக் கழற்றிவிட்டு, சாமான் ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டினாள். 'கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கிய கால்குலேட்டர்.' 'மூன்று வருஷம் முதல் ரேங்க் எடுத்த தலையணை.' ஒரே வாரத்தில் வாசலில் தள்ளுமுள்ளு. பேராசிரியர் ஒருவர்கூடத் தன் மகளுக்கென்று இரண்டு ஹேங்கர் எடுத்துப் போனார். ஒரு கல்லூரியில் நல்ல மார்க் வாங்குகிறவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? அவர்கள் சாமான் தீர்ந்ததும் தனம் துணிந்துவிட்டாள். அவளுடைய சீட்டுகளின்படி கீர்த்தனா நாலு வருஷத்தில் பதினோரு பக்கெட் வைத்திருந்தாள். அந்தப் பெண் படித்தாளா, குளித்துக்கொண்டே இருந்தாளா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தப் பக்கம் வராதவள் ஓவியா ஒருத்திதான். கீழ்பென்னாத்தூருக்கு அருகே ஒரு கிராமத்திலிருந்து வந்த முதல் வருஷப் பெண். வரைபடப் பரீட்சைக்கு டிராஃப்டர் வேண்டும். பலகையில் மாட்டிக் கோடு இழுக்கிற கருவி. அது இல்லாமல் போய் உட்கார்ந்து பிரயோஜனமில்லை. "அப்பா பஸ்ல குடுத்து அனுப்பறேன்னாருக்கா" என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த பஸ் வரப்போவதில்லை என்று தனத்துக்குத் தெரியும். பெண்ணின் ரோஷம் அவளுக்குப் பிடித்திருந்தது. பரீட்சை நெருங்க நெருங்க அதே ரோஷம் பயமாகவும் இருந்தது.

அறையில் மிஞ்சியிருந்த ஒரே டிராஃப்டர் வல்லரசுவுடையது. அந்தப் பையன் இதே பரீட்சையை ஐந்து தடவை எழுதி ஐந்து தடவையும் கோட்டைவிட்டவன். "இத எரிச்சிடுங்கக்கா" என்று சொல்லித்தான் கொடுத்திருந்தான். தனம் ஒர்க்‌ஷாப்பில் பெயிண்ட் தின்னர் வாங்கி அவன் பேரைத் தேய்த்து அழித்தாள். கீர்த்தனா சீட்டை ஒட்டினாள். ஓவியா வகுப்பு விட்டு வரும் வழியில் போய் நின்றாள்.

"இது கீர்த்தனாவோடது. சினேகா யாருக்கோ வேணும்னு நச்சரிக்கிறா. நீ எடுத்துக்கிறியா, அவகிட்டயே குடுத்துடட்டா?"

ஓவியா சீட்டைப் படித்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் தனத்துக்குத் தூக்கம் போயிற்று. பெண் தோற்றுவிட்டால் பாவம் யார் தலையில் விழும்? கிரிவலம் வருவதாக வேண்டிக்கொண்டாள். பாதிச் சுற்றிலேயே முட்டி மக்கர் பண்ண, மீதியை ஷேர் ஆட்டோவில் சுற்றினாள். அண்ணாமலையார் அனுசரித்துக்கொள்வார் என்று நம்பினாள்.

ஓவியா எண்பத்தொன்று வாங்கினாள். ரிசல்ட் வந்த அன்று டிராஃப்டரைத் துடைத்து எடுத்துக்கொண்டு அறைக்கு வந்தாள்.

"பாத்தியா, கீர்த்தனா ராசி" என்றாள் தனம், பெருமை தாங்காமல்.

"இது வல்லரசு அண்ணனோடதுக்கா. இதோட பைக்குள்ள அவரு ஹால் டிக்கெட் அஞ்சும் இருந்துச்சு. வாங்கின அன்னைக்கே பாத்துட்டேன்."

தனத்துக்கு எங்காவது ஓடி ஒளியலாம் போலிருந்தது. "அப்ப ஏன்டி திருப்பிக் குடுக்கல?"

"வசதி இல்லாதவளுன்னு குடுத்திருந்தா வாங்கியிருக்க மாட்டேன். தின்னர் நாத்தம் ரூம் பூரா அடிச்சிதுக்கா. நமக்காக ஒருத்தங்க இவ்ளோ மெனக்கெட்டு பொய் சொல்றாங்களேன்னு இருந்துச்சு. அதான் வெச்சுக்கிட்டேன்."

தனம் டிராஃப்டரை வாங்கி ஓரமாக வைத்தாள். அறையில் இன்னும் நாலு பெண்கள் சாமான்களைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். ஓவியா குரலைத் தாழ்த்தவில்லை.

"பனி ஜாஸ்தியா இருக்குக்கா. எங்கிட்ட போர்வை இல்ல. ஒண்ணு குடுங்க. யாருதுன்னு சொல்ல வேணாம்."