சமபந்தியில் காசிராஜனுக்கு ஓர் இலை

எம். புதுப்பட்டி காசிராஜனுக்கு மைக் கையில் கிடைத்தால் போதும், ‘சமபந்தி’ என்ற சொல்லைப் பிரித்து மேய்ந்துவிடுவார். “பந்திங்கிறது வடமொழி ‘பங்க்தி’யில இருந்து வந்தது. அப்படின்னா வரிசை. சமம் முன்னால சேர்ந்தா எல்லாருக்கும் ஒரே வரிசை.” சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்துக்கு மேனேஜர் அவர். அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் விழாவுக்குத் தெருவில் சமபந்தி போட வைத்தவரும் அவர்தான். அதையும் மைக்கில் அவரே சொல்லிக்கொள்வார்.

ஆனால் மனிதர் ஒரு வருடம்கூட அந்த வரிசையில் உட்கார்ந்ததில்லை. இலை விழும் நேரத்தில் சாம்பார் வாளியைத் தூக்கிவிடுவார். ஐயாவே பரிமாறுகிறாரே என்று தெரு நெகிழ்ந்துபோய் போட்டோ எடுக்கும். பிறகு அவர் நைசாக வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார். பட்டாசு ஆலைத் தொழிலாளர்களோடு தோளுரச உட்கார்ந்து சாப்பிட அவருக்குக் குமட்டும். பேச்சில் மட்டும் தேன் ஒழுகும்.

இந்த வருடம் விழாக் கமிட்டித் தலைவர் பதவி மேல் அவருக்குக் கண். பந்தி முடிந்ததும் கூட்டம் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பதாக ஏற்பாடு. வழக்கத்தைவிட நீட்டி முழக்கிவிட்டு வாளியைத் தேடினால், அது சமையல்காரி பாண்டிமீனாவின் கையில் இருந்தது.

“தலைவராகப் போறவுக நின்னா நல்லாவா இருக்கு? உக்காருங்கய்யா, நாங்க பரிமாறுறோம்” என்று இலையைப் போட்டாள்.

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். பக்கத்தில் மாரீஸ்வரன். பட்டாசு ஆலையில் மருந்து கலக்குகிறவன். எம்புட்டு சோப்புப் போட்டாலும் போகாத அலுமினியப் பவுடர் அவன் விரலெல்லாம் மினுங்கியது. அந்தக் கையால் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, “சாப்பிடுங்கய்யா” என்றான். காசிராஜனின் முகம் சுண்டிப்போயிற்று.

“இன்னைக்கு எனக்கு விரதம்ப்பா.”

“காலையில ருசி பாக்கேன்னு நாலு வடை தின்னீகளே, அப்ப விரதம் இல்லையாக்கும்?” என்றாள் பாண்டிமீனா.

பந்தியே குலுங்கிச் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டு ஒரு வாய் சோற்றை எடுத்து வைத்திருந்தால் அத்தோடு போயிருக்கும். பாவி மனிதர், மாரீஸ்வரன் மேல் படாமல் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு இலையைத் தள்ளிவைத்தார். சிரிப்பு அடங்கிவிட்டது.

மாரீஸ்வரன் அவமானத்தில் கையிலிருந்த அப்பளத்தை இலையில் போட்டான். ஆனாலும் குரலை உயர்த்தாமல் சொன்னான்:

“எந்திரிச்சுக்கோங்கய்யா. பசிச்சவுக யாராச்சும் உக்காரட்டும்.”

காசிராஜன் எழுந்து போனார். வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றுகிற பஞ்சம்மாள் அடுத்த பந்திக்காகப் பந்தல் வாசலில் நின்றிருந்தாள். அவளைக் கூப்பிட்டு அந்த இடத்தில் உட்கார வைத்தார்கள். அவள் நிதானமாகச் சாப்பிட்டுக் கை கழுவினாள்.

பிறகு கூட்டம் கூடியது. தலைவர் நாற்காலியிலும் அவளையே உட்கார வைத்தார்கள்.