ஈயம் போன அண்டா

சூலூரைத் தாண்டும்போதும் விரலில் புளி வாடை போகவில்லை. பல்லடத்திலிருந்து திருச்சி ரோட்டைப் பிடித்துக் கோயமுத்தூருக்கு நடந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு மஞ்சப்பை, அதற்குள் ஒரு லுங்கி, ஒரு சட்டை. நகக்கண்ணில் செங்கல் பொடி சிவப்பாக அப்பியிருந்தது. வழியில் இரண்டு குழாயில் கழுவிப் பார்த்தேன், போகவில்லை.

ஊரை விட்டு நடப்பது எனக்குப் புதிதில்லை. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். தறி ஓட்டினேன், கோழிப்பண்ணையில் தீவன மூட்டை சுமந்தேன், கிணறு வெட்டுகிறவர்களோடு ஒரு கோடை போனது. பிடிக்காவிட்டால் கிளம்பிவிடுவேன். பசிக்கும், பிறகு பழகிவிடும். அந்த நடைகளில் ஒன்றுகூட இப்போது நினைவில் இல்லை. தொண்ணூறுகளில் நடந்த இந்த ஒன்றுதான் இருக்கிறது.

பல்லடத்தில் நான் இருந்த லைன் வீட்டில் பக்கத்து அறையில் ஒரு அம்மணி குடியிருந்தார். என் வயதுதான் இருக்கும். கணவர் தறிக்குப் போவார், இவர் நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பார். கடையில் விற்கிற சோப்புத் தூள் அவருக்குச் சேரவில்லை. உள்ளங்கை வெடித்து, குழம்புச் சோறு பிசைந்தாலே எரியும். அதனால் தானே ஒரு தண்ணி காய்ச்ச ஆரம்பித்தார். பூந்திக்கொட்டையைத் தட்டி, உள்ளே இருக்கும் கறுப்பு விதையை எறிந்துவிட்டு, தோலை மட்டும் ராத்திரி ஊறப்போடுவார். காலையில் அதோடு ஜூஸ் கடையில் வாங்கி வந்த எலுமிச்சைத் தோலையும் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறியதும் கையால் பிசைந்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுவார். நுரை குறைவாகத்தான் வரும். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு நிற்காது. பித்தளைக்குத் தனியாகப் புளிச் சக்கையும் சலித்த அடுப்புச் சாம்பலும்.

நான் வேலை பார்த்த தறிப் பட்டறை மூடிக்கிடந்த ஒரு மாதம் வாசலில் பீடி குடித்துக்கொண்டு இருந்தேன்.

"ஏனுங்ணா, சும்மாதான உக்காந்திருக்கறீங்க, இந்தக் கொட்டையக் கொஞ்சம் தட்டிக் குடுங்களே."

"தட்டுனா என்னங்க கெடைக்கும்?"

"சோறு போடறனுங்க. உங்க அடுப்புல கருகுற நாத்தம் எங்களுக்கும் கொறையும்."

அப்படித்தான் சேர்ந்தேன். கொட்டை தட்டினேன், வடிகட்டினேன், பாட்டிலில் ஊற்றி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தத் தண்ணியைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஒரு கல்யாண மண்டபத்து மேனேஜர் அவரைக் கூப்பிட்டார். ஒரு கல்யாணத்துக்குத் தேய்த்துக் காட்டச் சொன்னார். நன்றாக வந்தால் மண்டபத்துப் பாத்திர வேலை முழுக்க அவருக்கே.

"கெடச்சா நாலு ஊட்டுப் பொடக்காளில போயி நிக்கறத உட்டுப்போடலாமுங்ணா," என்றார். பொடக்காளி என்றால் வீட்டுக்குப் பின்புறம். பாத்திரம் தேய்க்கிறவர்கள் முன்வாசல் வழியாகப் போவதில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையிலிருந்து மண்டபத்துப் பித்தளைப் பாத்திரங்களை இரண்டு பேரும் தேய்த்தோம். வெளிப்பக்கத்துக்குப் புளியும் சாம்பலும். உள்ளே பூந்தித் தண்ணி மட்டும், தேங்காய் நாரால் மெதுவாக. இதை இரண்டு தடவை சொன்னார். மத்தியானம் மேனேஜர் வந்து, பளபளவென்று கவிழ்ந்திருந்த குடங்களைப் பார்த்துவிட்டு, "இனி நீயே பாத்துக்கம்மா," என்றார். அம்மணிக்குச் சந்தோஷத்தில் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

"அண்ணா, இந்த மூணு அண்டாவுக்கும் உள்பக்கம் மட்டும் பாத்துக்கோங். நான் போயி நாலு ஊட்லயும் நாளைலருந்து வரலீங்கன்னு சொல்லிப்போட்டு வாரேன்."

போனார். அண்டாக்களின் உள்பக்கம் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. எத்தனை தேய்த்தும் பூந்தித் தண்ணிக்கு அது போகவில்லை. அழுக்கு என்று நினைத்தேன். மதில் ஓரத்தில் உடைந்த செங்கல் கிடந்தது. இடித்துப் பொடியாக்கி, புளியோடு சேர்த்து, ஒரு மணி நேரம் மூச்சுப் பிடித்துத் தேய்த்தேன். சாம்பல் நிறம் கரைந்து மஞ்சள் வந்தது. அவர் செய்ததைவிட ஒரு படி மேலாகச் செய்துவிட்டதாக எனக்குப் பெருமை. அவர் திரும்பி வந்தபோது அண்டாக்களைக் கவிழ்த்து வைத்திருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் சமையல்காரர் அண்டாவை நிமிர்த்தினார்.

"இதத் தேச்ச மகராசன் யாருங்க? ஈயத்தையே தின்னுபோட்டு வெச்சிருக்கறீங்க! இதுல ரசம் வெச்சாக் களிம்பு ஏறி, மாப்பிள்ளை ஊட்டுச் சனம் பூரா ஆஸ்பத்திரிலதான் மொய் எழுதோணும்."

புளிப்பு பித்தளையில் படாமலிருக்க உள்ளே ஈயம் பூசுவார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஓட்டுச் சாளை வீட்டில் மண்சட்டியில் சாப்பிட்டு வளர்ந்தவன் நான்.

"ஊட்ல காச்சுன தண்ணியெல்லாம் மண்டபத்துக்கு ஆகாதுன்னு அப்பவே நெனச்சேன்," என்றார் மேனேஜர். நேற்று நினைத்தது அவருக்கு மறந்துபோயிருந்தது.

அம்மணி அண்டாவுக்குள் கையை விட்டு அடிவரை தடவிப் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"எலுமிச்சத் தோலு இந்தத் தடவ சாஸ்தியாப் போட்டுப்போட்டனுங்க," என்றார். "எந் தப்புதானுங்க."

நான் மூன்றடி தூரத்தில் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை போதும். என் காலுக்குப் பக்கத்தில் மிச்சச் செங்கல் கிடந்தது. அதைக் காலால் மதில் பக்கம் தள்ளினேன்.

வீட்டுக்கு வந்ததும் காய்ச்சி வைத்திருந்த இரண்டு குடம் தண்ணியையும் சாக்கடையில் கொட்டினார். அன்றைக்குத்தான் அது அத்தனை நுரை விட்டது. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்ணா, ஈயத்தையே தின்ன தண்ணிங்க. உங்க கைக்கு ஒண்ணும் ஆகலீங்களே? எரியுதுங்களா?"

"இல்லீங்க," என்றேன்.

டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று மஞ்சப்பையை எடுத்துக்கொண்டேன். டீ குடிக்க யாரும் பையோடு போவதில்லை. அவர் கவனித்திருக்கலாம், கேட்கவில்லை.

சூலூருக்கு அப்பால் ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார். உக்கடம் பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். விடிந்ததும் குளத்துப் பக்கம் ஒரு மெஸ்ஸில் வேலை கேட்டேன்.

"என்ன தெரியும்?"

"பாத்திரம் தேய்ப்பனுங்க."

மெஸ்ஸுக்குப் பின்னால் பாத்திரம் ஒரு மலையாகக் கிடந்தது. அதில் ஒரு பித்தளை அண்டாவும் இருந்தது, உள்ளே சாம்பல் நிறமாக. அதற்குள் வெறும் நாரை விட்டு, குழந்தை முதுகைத் தேய்ப்பது போலத் தேய்த்தேன். முதலாளி இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவால்லியே, ஈயத்த நோகாமத் தேய்க்கறே. ஆரப்பா சொல்லிக் குடுத்தது?"

"ஆருமில்லீங்க. நானாப் பழகிக்கிட்டதுங்க."

"செரி, இனி நீயே பாத்துக்க," என்றார்.