ரத்தினம்மாவின் காது

கண்டி மாநகர சபையில் எழுதுவினைஞராக இருந்த சண்முகநாதனுக்கு ரேடியோப் பைத்தியம். ஹேவாஹெட்டயில் ஒரு தோட்டத்துரை சீமைக்குத் திரும்பும்போது ஏலத்தில் விட்ட சாமான்களில் வால்வு சிக்னல் ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. 1957இல் அதை எடுத்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அந்தப் பெட்டி சீராக ஒரு ஊளை எழுப்பும். அதை ரேடியோவுக்குள் செலுத்தி, ஊளை உச்சத்துக்கு வரும்வரை உள்ளேயிருக்கும் திருகாணிகளை மயிரளவு மயிரளவாகத் திருப்பினால், மங்கிக் கிடந்த நிலையங்களும் தெளிந்து வரும். ஞாயிறுதோறும் அவரைப் போன்ற பித்தர்கள் செட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

நாற்பது தாண்டியதும் அவருக்குக் காது மந்தமாயிற்று. வெளியே மூச்சு விடவில்லை. மனைவி ரத்தினம்மாவைப் பக்கத்தில் நிறுத்தி, "கூடுதா, குறையுதா?" என்று கேட்பார். கொஞ்ச நாளில் திருப்புளியையே அவள் கையில் கொடுத்துவிட்டார். ஐந்து வருடம் உள்ளறையில் அவள் செட்டுகளைச் சரிசெய்தாள்; முன்னறையில் அவர் பாராட்டு வாங்கினார். அவளுக்கு அதில் மனக்குறை இல்லை. வேலை பிடித்திருந்தது.

1966இல் நண்பர்கள் ஒரு கூட்டம் போட்டு, எல்லார் முன்னிலும் செய்து காட்டச் சொன்னார்கள். போக வேண்டாமென்று ரத்தினம்மா எவ்வளவோ சொன்னாள். போனார். ஊளை உச்சத்துக்கு ஏறியது, இறங்கியது, அடங்கியே போனது. அவர் திருப்புவதை நிறுத்தவில்லை. கடைசியில் செட்டுக்குள் ஏதோ நொறுங்கியது.

வீடுவரை கூட வந்த கடிகாரக்கடை மஹ்மூத் என்ன ஆயிற்று என்று கேட்டார். சண்முகநாதன் மனைவியைக் காட்டினார்.

"நான் இல்லாத நேரம் இவதான் பெட்டியை நோண்டிக் கெடுத்து வச்சிருக்கா."

இதெல்லாம் பெண்கள் தொடுகிற சாமான் இல்லை என்று மஹ்மூத் அவளுக்குத் தன்மையாகப் புத்தி சொன்னார். அவள் தேநீரை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த ஞாயிறு சண்முகநாதன் ஒன்றும் நடக்காததுபோல அவளிடம் திருப்புளியை நீட்டினார்.

"நான் நோண்டினா கெட்டுப்போயிரும்ல. நீங்களே பாருங்க."

அவரே சரிசெய்து கொடுத்த செட்டுகள் ஒவ்வொன்றாகப் பழுதென்று திரும்பி வந்தன. ஆட்கள் வருவது நின்றது. மறுவருடம் பெட்டியைத் தெல்தெனியக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார்.

மஹ்மூத்திடமாவது உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று ஒரே ஒரு தடவை அவள் கேட்டாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நிஜமாகவே காதில் விழவில்லையா என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவள் இரண்டாம் தடவை கேட்கவும் இல்லை.