வாரேன் இருந்த இடம்

ஓய்வு பெற்ற பிறகு எங்கள் திருச்சபையார் புதிதாக இயற்றும் பாடல்களில் பிழை திருத்தித் தருவது என் வழக்கம். தமிழாசிரியனாக இருந்த காலத்துச் சிவப்புப் பேனாவை என்னால் கீழே வைக்க முடியவில்லை. சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டு மாடியறையில் குடியிருந்த நான்கு இளைஞர்களும் அதை அறிந்தே, ஒரு ஞாயிறு பிற்பகலில் தாளொன்றை என்முன் நீட்டினார்கள்.

நால்வரும் தென்மாவட்டத்தார், ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் வேலை. ஷிப்டு ஒத்துவரும் நாள்களில் கிட்டார், பறை, புல்லாங்குழல் கொண்டு நாட்டுப்பாடல் குழுவொன்று நடத்தினார்கள். திரைப்பாடல்களைத் தொடமாட்டார்கள். தாமே கட்டியவற்றை மட்டுமே பாடுவார்கள்.

“ஐயா, புதுப்பாட்டு. ஒரு தடவ பாத்துக் குடுங்க,” என்றான் பாடகன்.

“ஏல, பாட்டுக்கு மார்க்கு வாங்க வந்துட்டியா?” என்று சிரித்தான் பறைக்காரன். “ஐயா, பெயிலாக்கி விட்டுருங்க. எங்களுக்கும் தூக்கம் கிடைக்கும்.”

அது காதற்பாட்டு. ஊருக்குப் புறப்படும் பெண்ணொருத்தி பேருந்துப் படியில் நின்று காதலனிடம் கூறும் சொற்களாக அமைந்திருந்தது. அப்பெண் கற்பனையில்லை; பாடகன் விரும்பியவள், அவளும் தென்மாவட்டத்தாள். படப்பை விடுதியில் தங்கிக் கைப்பேசி உதிரிப்பாகம் பூட்டும் வேலை செய்தவள். ஒப்பந்தம் முடிந்து அடுத்த ஞாயிறு ஊர் திரும்பவிருந்தாள்.

“அவ வீட்டுல மாப்பிள பாக்காவ, ஐயா. இவ வாயத் தொறந்து எதுவும் சொல்லமாட்டேங்கா,” என்றான் பாடகன். “பாட்டக் கேட்டுட்டு, திரும்பி வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாள்னா, எங்க அப்பாவக் கூட்டிட்டுப் போய்ப் பொண்ணு கேட்ருவேன்.”

ஒவ்வோர் அடியும் ‘போயிட்டு வாரேன்’ என முடிந்தது. ‘போயிட்டு’ கொச்சை. அதைத் திருத்திப் ‘போய்விட்டு வருகிறேன்’ என்றால் மெட்டில் அடங்காது. ‘போயிட்டு’ நின்ற இடத்தில் ‘போகின்றேன்’ என்று எழுதினேன்; அசை பிசகாமல் பொருந்திற்று. எஞ்சிய ‘வாரேன்’ மிகையெனத் தோன்றவே, அதைச் சிவப்புக் கோடிட்டு நீக்கினேன்.

உள்ளிருந்து வந்த என் மனைவி தாளை எட்டிப் பார்த்தாள். “வூட்ட விட்டுக் கெளம்பறவங்க யாராச்சும் போறேன்னு சொல்லுவாங்களா? போய்ட்டு வரேன்னுதானே சொல்லணும்? இன்னா திருத்தறீங்களோ!”

“அது மூடவழக்கம். இது இலக்கணம்,” என்றேன்.

சனிக்கிழமை நண்பகலில் எங்கள் சிறிய ஆலயத்தில் ஒலிப்பதிவு நடந்தது. லாரிகளின் இரைச்சலுக்கு அஞ்சிச் சன்னல்களையும் கதவையும் சாத்தினோம். உள்ளே அவர்கள் நால்வர், நான் ஐந்தாமவன். ‘வாரேன்’ நின்ற இரண்டு தாளங்களை நிரப்பவோ சுருக்கவோ பறைக்காரன் இசையவில்லை. ஆதலால் ‘போகின்றேன்’ என்றபின் அனைத்தும் அடங்கி, அவ்விடம் வெறுமையாக நின்றது. அன்று மாலையே பாடல் அவளுடைய கைப்பேசிக்குச் சென்றது.

மறுநாள் படப்பை நிறுத்தத்திலிருந்து பாடகன் தனியே திரும்பினான். படியேறாமல் என்முன் வந்து நின்றான்.

“போறேன்னு சொன்னா, ஐயா. அதோட ஏறிட்டா. பாட்டுல உள்ளபடியே.”

அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று மாலை நால்வரும் பதிவை மீண்டும் ஒலிக்கவிட்டார்கள். அப்போதுதான் கேட்டோம். அந்த வெற்றிடத்தில் ஒரு மூச்சு. பேச வாய் திறக்கும் பெண்ணொருத்தி உள்ளிழுக்கும் மூச்சு. நான்கு அடிகளின் இறுதியிலும் அது இருந்தது.

எல்லாரும் குழல்காரனைப் பார்த்தோம். “என் மூச்சு எனக்குத் தெரியாதா?” என்றான் அவன். “குழலுக்கு எடுக்குற மூச்சு உதட்டுல சீறும். இது நெஞ்சுக்குள்ள இருந்துல்லா வருது.”

கதவிடுக்கில் நுழைந்த காற்றென்று விளக்கினேன். எனக்கே அது போதவில்லை.

நீக்கிய சொல்லைத் திரும்பச் சேர்த்துப் பதியலாம் என்றேன். பாடகன் தலையசைத்தான்: “வேண்டாம் ஐயா. புதுசாப் பாடினா இது இருக்காதே.”

அவளுடைய கைப்பேசி அணைந்தே கிடந்தது. பாடலோ கம்பெனிப் பேருந்துகளில் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவியது. ஒருநாள் படப்பையில் ஷேர் ஆட்டோ ஏறினேன்; அங்கும் அதுவே ஒலித்தது. வெற்றிடம் வந்ததும், எதிரில் அமர்ந்திருந்த மூன்று பெண்கள் தலை நிமிராமலே, “வரேன்” என்று முணுமுணுத்தார்கள். தாம் பேசியதை அவர்கள் உணர்ந்ததாகவே தெரியவில்லை.

“இன்னா பாட்டு சார் இது!” என்றார் ஓட்டுநர். “அந்தப் பொண்ணு இன்னாவோ சொல்ல வருது, சொல்லாமலே கீது. கேட்டுக்கினே இருந்தா மனசு அடிச்சுக்குது.”

பாடலில் ஒலிப்பது ஆண்குரல் மட்டுமே என்று அவருக்கு நான் சொல்லவில்லை.

ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கழித்து, ஒரு காலையில் பாடகன் படிகளில் தடதடவென்று இறங்கி வந்தான்.

“பேசிட்டா, ஐயா! வாரேன்னுட்டா! வீட்டுல போனப் பிடுங்கி வச்சிருந்திருக்காவ. இன்னைக்கு எல்லாருக்கும் முன்னால சண்டை போட்டு வாங்கிப் பேசுதா.” கடைசிப் படியில் உட்கார்ந்தான். “அன்னைக்கே படியில நின்னு சொல்ல வந்தாளாம். போறேன்னு சொல்லி, மிச்சத்தச் சொல்ல மூச்செடுத்தாளாம். அதுக்குள்ள கண்டக்டர் விசிலடிச்சிட்டாராம்.”

அவள் அம்மூச்சை எடுத்தது ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் பாடலைப் பதிந்தது அதற்கு முதல்நாள், சனிக்கிழமை. இருவரும் அதை எண்ணினோம்.

அன்று மாலை மூலப்பதிவை ஒலிக்கவிட்டோம். ‘போகின்றேன்’ என்றபின் இரண்டு தாளங்கள் வெறுமையாகச் சென்றன. மூச்சு இல்லை. நான்கு அடிகளிலும் இல்லை.

“காணோமே,” என்றான் பறைக்காரன். அன்று அவன் கேலி செய்யவில்லை.

திருமணம் அவர்கள் ஊரில் நடந்தது. பின்னர் இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் அவளை நேரில் காண்பது அதுவே முதல் முறை. குறைவாகப் பேசும் பெண். என் மனைவி தந்த காப்பியைக் குடித்து எழுந்து, வாயிற்படியில் நின்று என் பக்கம் திரும்பினாள்.

“போயிட்டு…” என்றாள்.

பிறகு மூச்சை உள்ளிழுத்தாள். அந்த மூச்சை நான் அறிவேன். ஆலயத்தின் சாத்திய கதவுகளுக்குள்ளே பதிவானது அதுவே, இம்மி பிசகவில்லை. பறை இல்லாமலே இரண்டு தாளங்கள் கடந்தன. அதுவரை நான் மூச்சு விடவில்லை.

“…வாரேன், ஐயா,” என்றாள்.