பிரேசிலும் ஒரு கதிரையும்

பிரேசில் மீது எனக்கு ஒருநாளும் ஆசை இருந்ததில்லை. எனக்கு வேண்டியிருந்தது, இருந்து வேலை செய்ய ஒரு கதிரை. நோர்வேயில், லில்லெஸ்ட்ரோம் என்ற ஊரில் ஓர் உணவகத்தில் பன்னிரண்டு வருடங்களாகக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். கோப்பை கழுவுவதில் கேவலம் ஒன்றுமில்லை. நின்றுகொண்டே கழுவ வேண்டியிருப்பதுதான் தொல்லை. நாற்பத்தெட்டு வயதில் என் முழங்கால்கள் இரண்டும் தொழிற்சங்கம் அமைத்து என்னோடு பேச்சுவார்த்தைக்கு வந்திருந்தன.

அப்போதுதான் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். ஒஸ்லோவில் மீன் ஏற்றுமதிக் கந்தோர் ஒன்று, பிரேசிலுக்குப் போகும் சரக்குகளின் கடதாசி வேலைகளைப் பார்க்க ஆள் தேடியது. நான் முன்பு கொழும்புத் துறைமுகத்தில் அதே வேலையைத்தான் செய்தேன், அதுவும் கதிரையில் இருந்துகொண்டு. விண்ணப்பித்தேன். பத்து நாளில் நேர்முகத்துக்கு வரச் சொன்னார்கள்.

ஒரு நோர்வேக்காரன் என்றால் முடி வெட்டிக்கொண்டு நிம்மதியாகப் படுத்திருப்பான். நான் யாழ்ப்பாணத்தான். நேர்முகம் என்றாலும் அது சோதனைதானே? நூலகத்தில் பிரேசிலைப் பற்றி இருந்ததிலேயே தடித்த புத்தகத்தை எடுத்து, வேலைக்குப் போக ஹவுகெட்டோவில் ரயில் ஏறியதிலிருந்து இறங்கும் வரை பாடமாக்கினேன். மாலையில் மனைவி ஒரு கையில் அகப்பையும் மறு கையில் நான் குறிப்பெழுதிய கொப்பியுமாக நின்று கேள்வி கேட்பாள்.

“இஞ்சருங்கோ, தென்னமெரிக்காவிலை பிரேசிலைத் தொடாத நாடு?”

“சிலி, ஈக்வடோர்.”

“தலைநகர்?”

“பிரசிலியா. முந்தி ரியோ. அதுக்கும் முந்தி சல்வடோர்.”

“முந்தினதுகளை ஆர் கேட்டது? சரி, சனம் என்ன சாப்பிடுறது எண்டு கடைசியிலை ஒரு பாடம் கிடக்கு. அதை ஏன் தொடேல்லை?”

“அது சோதனைக்கு வராதப்பா.”

“மீன் விக்கிற கந்தோரிலை மீனைக் கேக்காமல் மலையையே கேப்பினம்?”

அறியாமை என்று நினைத்துச் சிரித்தேன்.

நேர்முகம் நடந்த அறையில் கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண் எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தாள். “பிரேசில் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்?” என்றாள்.

பேச்சுக்குக் கேட்டிருப்பாள். நான் பத்து மதிப்பெண் வினா என்று எடுத்துக்கொண்டேன். வடக்கே அமேசனில் தொடங்கி, பூமத்திய ரேகையைக் கடந்து, தெற்கே உறைபனி விழுந்து கருகும் கோப்பித் தோட்டங்கள் வரை நடந்தேன். இரும்புத் தாதுவையும் சோயாவையும் கப்பலில் ஏற்றினேன். கரும்புச் சாராயத்தில் கார் ஓடுவதையும், அந்த நாட்டுக்காரர் விமானம் செய்து விற்பதையும் சொன்னேன். ஆதிக்குடிகள், போர்த்துக்கேயர், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர், பிந்தி வந்த ஜப்பானியர் எல்லோரையும் சேர்த்து ஒரே ஊர்வலத்தில் ஆடவிட்டேன். நான் மூச்சு வாங்கியபோது அவளுடைய கோப்பை அந்தரத்திலேயே நின்றது.

“அங்கே இருந்திருக்கிறீர்களா?”

“இல்லை, நூலகத்தில் இருந்தேன்.”

சிரிக்கலாமா என்று யோசித்தவள், அலமாரியிலிருந்து ஒரு தட்டையான மீனை எடுத்து மேசையில் வைத்தாள். உப்பிட்டுக் காயவைத்த பெரிய மீன். “நாங்கள் அனுப்புவது இதைத்தான். இதை அங்கே எப்படிச் சமைப்பார்கள், தெரியுமா?”

இருபத்தாறு மாநிலங்களும் தலைக்குள் வரிசையாக நின்றன. ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.

“தெரியாது,” என்றேன். “அந்த ஒரு பாடத்தைத்தான் படிக்கவில்லை.”

கதிரை என்னை விட்டு மெல்ல நகர்வது தெரிந்தது. ஆனால் என் கை என்னைக் கேட்காமலே மீனைத் தூக்கிவிட்டது. மணந்து பார்த்து, முதுகுப் பக்கம் தடித்த இடத்தைப் பெருவிரலால் அழுத்தினேன். “இது நன்றாகக் காய்ந்திருக்கிறது. இந்த இடம் அமுங்கினால் நீண்ட பயணத்துக்கு ஏற்றக்கூடாது. எங்கள் வீட்டில் என்றால் ஊறவைத்து, கத்தரிக்காயும் பழப்புளியும் போட்டு, கடைசியில் தேங்காய்ப்பால் விடுவோம்.”

அவள் எழுந்து அடுத்த அறையைப் பார்த்து யாரையோ கூப்பிட்டாள். வந்தவன் பிரேசில்காரன், வடகிழக்குக் கரையோரத்து ஆள். நோர்வேஜிய மொழியில் என்னைவிடக் கொஞ்சம் மோசம். அதனாலேயே அவனைப் பிடித்துவிட்டது. நான் சொன்ன சமையலை அவள் அவனுக்குச் சொன்னாள்.

“தேங்காய்ப்பாலா? எங்கள் பக்கத்திலும் அதுதான். ஆனால் புளி எதற்கு?”

“புளி இல்லாமல் எப்படி?”

“ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை எடுக்க வேண்டும்.”

“முழு உப்பையும் எடுத்தால் பிறகு அது என்ன கருவாடு?”

இருபது நிமிடம் சண்டை பிடித்தோம். அந்தப் பெண் தான் நடத்திய நேர்முகத்துக்கே பார்வையாளராகிப் போனாள்.

வீட்டில் மனைவி வாசலிலேயே மறித்தாள். “என்ன கேட்டவை?”

“கருவாட்டுக் கறி.”

அவள் சிரித்துக்கொண்டே வழிவிட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை, முழங்கை வரை சவர்க்கார நுரையோடு நிற்கும்போது கைத்தொலைபேசி அடித்தது. ஒரு வருடத்துக்கு வேலை, அதன் பிறகு பார்க்கலாம் என்றாள் கம்பளிச் சட்டைக்காரி. நின்றுகொண்டு கேட்கக்கூடிய செய்தி அல்ல அது. அப்போதுதான் கழுவிய பெரிய சூப் பானையைக் கவிழ்த்து அதன் மேல் இருந்துவிட்டேன். “அந்தப் பானை எனக்கு வேண்டும்,” என்றான் தலைமைச் சமையற்காரன். “ஐந்து நிமிடம் பொறு,” என்றேன். பன்னிரண்டு வருடத்தில் அவனை முதன்முதலாகக் காக்கவைத்தது அன்றுதான்.

மனைவிக்கு அடித்தேன். “கிடைச்சிட்டுது.”

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“அப்ப வரேக்கை ரயிலிலை அந்தக் கடைசிப் பாடத்தைப் படிச்சுக்கொண்டு வாங்கோ,” என்றாள். “இனித்தானே சோதனை.”

படித்தேன். புளி போடுவதில்லையாம்.