குழாயடியில் நின்றுபோன காதல் கதை

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்து மெர்டேக்கா ஆன புதிதில், மலாக்காவின் காஜா பெராங் குழாயடியில் ஓர் அக்கா எங்களுக்குக் காதல் நாவல்களை உரக்கப் படிப்பார். நெற்றி நிறையக் குங்குமம், இடுப்பில் குடம். எல்லாம் மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்த புத்தகங்கள்.

ஒருநாள் நம் நாட்டிலேயே அச்சான, மலாக்காவில் நடக்கும் கதை ஒன்றைப் படித்தார். அது விற்கவில்லை, திருப்பி அனுப்பப்போகிறேன் என்று புத்தகக் கடைக்காரர் சொல்லியிருந்தாராம். நாயகி உஜோங் பாசிர் கடற்கரையில் காத்து நிற்கும் இடத்தில் அக்கா புத்தகத்தை மூடிவிட்டார்.

“அக்கா, அவன் வந்தானா இல்லையா? சொல்லாட்டி எனக்குச் சோறு இறங்காது!” என்றேன்.

“கடையில வாங்கிப் படிங்கடி. நம்ம ஊரு கதைய நாமளே வாங்கலன்னா யாரு வாங்குவா?”

மறுநாள் கடைக்குப் போனேன்.

“எல்லாம் வித்து முடிஞ்சிருச்சும்மா. இன்னும் அனுப்பச் சொல்லியிருக்கேன்” என்றார் கடைக்காரர்.

அந்த அக்காவுக்காக முருகனுக்குச் சூடம் ஏற்றினேன். வெறுங்கையோடு திரும்பி அத்தனை பெருமைப்பட்டது அன்றுதான்.